மேல்வளவின் ஆபீசு

சுகந்தியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். கொரோனா காலத்தில் சேவை செய்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்திய விழா ஒன்றுக்குப் போயிருந்தேன். அரிசி கொடுத்தவர், கபசுரக் குடிநீர் கொடுத்தவர், கொடுத்ததைப் படம் பிடித்தவர் வரைக்கும் மேடையில் இருந்தார்கள். எதையும் கொடுக்க வழியில்லாமல், போகவேண்டிய இடத்துக்குப் போகவும் முடியாமல், வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு யார் பொன்னாடை போர்த்துவார்கள்? வயிற்றெரிச்சலோடு எழுந்து வந்துவிட்டேன். அந்த வயிற்றெரிச்சல்தான் இது.

என் பெயர் மணிவண்ணன். காளப்பநாயக்கன்பட்டிக்காரன். கொல்லிமலையில் வேலை செய்த ஒரு சின்ன டிரஸ்டில் ஜீப் ஓட்டினேன். சுகந்தி அதே டிரஸ்டில் களப்பணியாளர். ஊர் முள்ளுக்குறிச்சி, மலைக்கு நேர் அடிவாரம். கணவர் அசோக் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். பிளஸ் டூ முடித்துவிட்டு ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவளை, “மலையிலே பொம்பளைங்களைக் கூட்டி வெச்சுப் பேசணும், அதுதான் வேலை” என்று சொல்லி எடுத்தார்கள். பேசுவதற்குக்கூடச் சம்பளமா என்று அவளுடைய மாமியார் சிரித்தாராம். நானும்தான் சிரித்தேன்.

அவள் பார்த்துக்கொண்ட ஊர் மேல்வளவு. மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் இருக்கிறது. மிளகு, மரவள்ளி, சாமை, பலா என்று விளைச்சலுக்குக் குறைவில்லை. விலை பேசத்தான் ஆள் இல்லை. வியாபாரி சொன்னதுதான் விலை. வெயிலில் நின்று மிளகைக் காய வைத்துப் புடைத்துச் சுத்தம் செய்த பெண்கள், வியாபாரி வந்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்து ஒரு சங்கம் வைக்கவேண்டும்.

முதல் கூட்டத்தில் நடந்ததை அன்று கீழே இறங்கும்போது ஜீப்பில் சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பலா மரத்தடியில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தாளாம். “எம்பேரு சுகந்தி. நீங்க ஒவ்வொருத்தரா உங்க பேரைச் சொல்லுங்க” என்றாளாம். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பு.

“எம்பட பேரு உனக்கு எதுக்கு சாமி? குப்புசாமி பொண்டாட்டின்னு வெச்சுக்கோ.”

“நாம் பூபதியோட ஆத்தா.”

இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா, இன்னார் மருமகள். பெயர் என்று ஒன்று ஒருத்திக்கும் வெளியே வரவில்லை. சுகந்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “செரி, உங்க பேரை நீங்க சொல்ல வேண்டாம். பக்கத்துல இருக்கறவ பேரைச் சொல்லுங்க” என்றாளாம். அடுத்தவள் பெயரைச் சொல்ல யாருக்கு வெட்கம்? “இவ கண்ணாயி.” “இவ அத்தாயி.” “இது மயிலம்மா, வாய் ஓயாது இவளுக்கு.” படபடவென்று எல்லாப் பெயரும் வந்துவிட்டன.

அதுவே அந்தச் சங்கத்தின் வழக்கமாகிப்போனது. செவ்வாய்க்கிழமை கூடினால், முதலில் ஒவ்வொருத்தியும் தனக்கு இடப்பக்கம் இருப்பவளின் பெயரைக் கூப்பிட வேண்டும். அவள் “வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். குரல் கம்மியாக வந்தால் சுகந்தி விடமாட்டாள். “யாவாரிக்குக் கேக்கல!” என்று கத்துவாள். மறுபடியும் சத்தமாகச் சொல்ல வேண்டும். வராதவளின் இடத்தைக் காலியாக விட வேண்டும். அவள் பெயரையும் கூப்பிட வேண்டும். அவளுக்குப் பதிலாக அடுத்திருப்பவள், “காட்டுக்குப் போயிருக்கா, வருவா” என்றோ “அம்மா ஊட்டுக்குப் போயிருக்கா, வருவா” என்றோ சொல்ல வேண்டும். எங்கே போயிருந்தாலும் கடைசியில் வருவா என்று முடிக்க வேண்டும்.

சின்னப்பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். டீக்கடை ஓரமாக ஜீப்பை நிறுத்திவிட்டு நான் உள்ளே படுத்திருப்பேன், கூட்டத்துப் பக்கம் போனதில்லை. பெண்கள் போடும் சத்தம் மட்டும் தூக்கத்தைக் கெடுக்கும். சில வருஷத்தில் அந்தச் சத்தம் வியாபாரிக்கு நிஜமாகவே கேட்டது. தராசைச் சுற்றி அத்தனை பெண்களும் நின்று விலை சொன்னார்கள். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டான்.

இத்தனை பேருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவளை அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் பெயர் ஆபீசு. “ஆபீசு வந்திருச்சு.” “ஆபீசுக்கு ஒரு டம்ளர் காப்பி குடு.” “ஏன் ஆபீசு இப்பிடி இளைச்சுப் போச்சு?” இப்படித்தான். “சுகந்தி, உனக்கு மாச வாடகை எவ்வளவு?” என்று நான் கிண்டல் செய்வேன். “கூப்பிடறாங்கல்ல, அது போதுங்ண்ணா” என்று சிரிப்பாள்.

இரண்டாயிரத்து இருபதாம் வருஷம் மார்ச் மாதம், அந்தச் செவ்வாய்க்கிழமையும் வழக்கம்போல எல்லோரிடமும் “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாள். கிளம்பும்போது போகிறேன் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. வாரேன் என்பதுதான் விடைபெறுகிற வார்த்தை. அதை யாரும் வாக்கு என்று எடுத்துக்கொள்வதும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் ஊரடங்கு வந்துவிட்டது. “வாரேன்னு சொல்லிட்டு வந்தேங்ண்ணா” என்று அதற்குப் பிறகு அவள் எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கே இல்லை.

சும்மா இருக்கிறவளும் இல்லை. மலைக்குப் போகும் ரோட்டில் தடுப்பு வைத்திருந்த இடத்துக்கு ஒருநாள் காலையில் டிரஸ்ட் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் நின்றாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் நல்ல மனுஷர்தான். “பாலா, மருந்தா, காய்கறியா? எதுக்கும்மா மேல போகணும்?” என்று கேட்டிருக்கிறார்.

இவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். “கூட்டம் போடறதுக்குங்க.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. “ஏம்மா, கூட்டம் கூடக்கூடாதுன்னுதானே நாங்க வெயில்ல காயறோம்!”

“அந்தக் கூட்டம் இல்லீங்க. இது பேசற கூட்டம்.”

“பேசுனாத்தாம்மா பரவுது” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். இதை எங்களிடம் சொல்லும்போது சுகந்தியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் அப்படியே வாடிவிட்டது. இ-பாஸுக்கு எழுதிப் பார்க்கலாம் என்றால் அதில் கல்யாணம், சாவு, வைத்தியம் என்றுதான் காரணம் கேட்டார்கள். “மேல எனக்கு இது மூணும் இல்லீங்களேண்ணா. அங்க நான் யாருன்னு எழுதறது?” என்றாள்.

டிரஸ்ட் செயலாளர் ராஜதுரை சார் சேலத்தில் இருந்தபடி, கூட்டங்களை போனிலேயே நடத்தச் சொன்னார். அவருக்கென்ன, வீட்டில் வைஃபை ஓடுகிறது. மேல்வளவில் ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அத்தாயி போனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போக, மற்றவர்களும் பின்னாலேயே போயிருக்கிறார்கள். நான் அன்று அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன்; சுகந்தி ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஒரே இரைச்சல். யார் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. “ஒவ்வொருத்தரா, பக்கத்துல இருக்கறவங்க பேரைச் சொல்லுங்க” என்று இவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

“பக்கத்துல யாரும் நிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்களே!” என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

பிறகு கண்ணாயியின் குரல். “ஆபீசு, பலா மரத்துலயே பழுத்து வெடிக்குது. யாவாரியும் வரல. நீயும் வரல.” அவ்வளவுதான், லைன் போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு அவள் மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முள்ளுக்குறிச்சியில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மலை தெரியும். அதுதான் கொடுமை. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். தினமும் காலையில் கோலம் போட நிமிரும்போதெல்லாம் எதிரே நிற்கிற மலைக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாயி வேகவைத்துத் தரும் குச்சிக்கிழங்கு, மிளகு காயும் வாசனை, மயிலம்மாளிடம் வாங்கும் திட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். பெற்ற வீட்டைக்கூட அவள் அப்படித் தேடியதில்லை என்று அசோக் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

நிவாரணப் பொருள் கொண்டுபோக மட்டும் டிரஸ்டுக்கு அனுமதி கிடைத்தது. வண்டி ஓட்ட நானும், மூட்டை இறக்கச் சென்றாயன் என்ற கூலி ஆளும் போவதாக ஏற்பாடு. “சென்றாயனுக்குப் பதிலா நானே மூட்டை தூக்கறேங்ண்ணா” என்று சுகந்தி என்னிடம் கெஞ்சினாள். களப்பணியாளர் யாரும் ஊருக்குள் போகக்கூடாது, யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ராஜதுரை சார் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் தப்பில்லை. ஜீப் கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கியரை மாற்றினேன்.

மேல்வளவுக்குள் நுழைகிற பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். கீழ்நாட்டுக்காரர்கள் நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று பயம். மூட்டையை முள்ளுக்கு இந்தப் பக்கம் இறக்கினோம். அந்தப் பக்கம் சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு ஒருத்தியாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் மாஸ்க், இல்லாவிட்டால் முந்தானை. நடுவில் ஒரு வட்டம் மட்டும் காலியாக இருந்தது. வட்டம் கிடைக்காமல் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றவர்கள் முனகினார்கள். எனக்கோ வெயில் ஏறுவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று அவசரம்.

“ஏனுங்க, அந்த வட்டத்துக்கு நவுந்து வாங்க” என்றேன்.

“அதுக்கு ஆளிருக்குது” என்றாள் கண்ணாயி.

நான் மூட்டையைத் தூக்கப் போனபோது அது ஆரம்பித்தது. முதல் வட்டத்தில் நின்றவள் அடுத்த வட்டத்தைப் பார்த்து, “அத்தாயி!” என்றாள். “வந்துட்டேன்!” அத்தாயி திரும்பி, “கண்ணாயி!” “வந்துட்டேன்!” பல மாதமாகக் கூட முடியாதவர்கள், கூட்டத்தை அரிசி வரிசையிலேயே நடத்துகிறார்கள். பக்கத்தில் நிற்கத்தானே தடை, பெயரைக் கூப்பிட யார் தடை போட்டார்கள்? கண்ணாயி அந்தக் காலி வட்டத்தைப் பார்த்து, “சுகந்தி!” என்று கூப்பிட்டாள். அதற்கு அடுத்த வட்டத்தில் நின்ற மயிலம்மாள், “கீழ போயிருக்கா, வருவா!” என்றாள்.

எவளோ கீழே போன இடத்தில் மாட்டிக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆளிருக்கிறது என்றால் கொடுத்துவிட்டுப் போவோம் என்று, அவள் பங்குக்கும் ஒரு மூட்டை இறக்கிவைக்கச் சொன்னேன். கண்ணாயி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இருந்ததோ என்னவோ, மாஸ்க்கில் என்ன தெரிகிறது?

கீழே இறங்கி நேராக முள்ளுக்குறிச்சிக்குத்தான் போனேன். சுகந்தி ரோட்டுக்கே வந்து நின்றிருந்தாள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். முள் அடைத்திருப்பதைச் சொன்னேன்.

“அது எனக்குமாங்ண்ணா?” என்று கேட்டாள்.

“கீழ்நாட்டுக்காரங்க எல்லாத்துக்கும்தான்.”

மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். “ஆபீசு எங்கேன்னு யாராச்சும் கேட்டாங்களா?”

ஒருத்தியும் கேட்கவில்லை. இல்லாததை எப்படிச் சொல்வது? அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “ஆனா சங்கம் உடையல சுகந்தி. வரிசையிலே நின்னுட்டே பேரு கூப்பிடறாங்க. புதுசா ஒருத்தியைக்கூடச் சேத்திருக்காங்க. உம்பேர்தான் அவளுக்கும்” என்றேன்.

“சுகந்தியா? அந்த வளவுல சுகந்தின்னு யாரும் இல்லீங்களே.”

“கல்யாணமாகி வந்தவளா இருக்கும். ஆளு வரல. கீழ போயிருக்காளாம்.”

“என்ன வயசிருக்கும்?”

“ஆளே இல்லைங்கறேன், வயசைக் கேக்கறியே!”

“நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ‘நல்லா இருக்கட்டும்’ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும், அந்தச் சுகந்தி வந்துவிட்டாளா, எந்த ஊர்ப் பெண்ணாம், நன்றாகப் பேசுவாளாமா என்று விசாரிப்பாள். பார்க்காத ஒருத்தியின் மேல் அவளுக்குப் பொறாமை. என் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள் என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்.

அந்த வருஷக் கடைசியில் டிரஸ்ட் மலை வேலையை நிறுத்தியது. பணம் கொடுக்கிறவர்கள் அரிசிக்கும் சோப்புக்கும்தான் கொடுத்தார்கள். பெண்களைக் கூட்டிப் பேசுவது அத்தியாவசியம் என்று யாருக்கும் படவில்லை. பிறகு அரிசிக்கும் வரவில்லை. ராஜதுரை சார் போனில் எங்களிடம் சொல்லும்போது அவர் குரலே சரியில்லை. ஜீப்பை விற்றார்கள். நான் அன்னாசி ஏற்றும் மினி லாரிக்குப் போனேன். சுகந்தி எங்கள் ஊரிலேயே ஒரு தையல் கம்பெனியில் மாஸ்க் தைக்கப் போனாள்.

பஸ் ஓட ஆரம்பித்தது. பாஸும் வேண்டாம் என்றார்கள். அப்போதும் அவள் மலைக்குப் போகவில்லை. “இப்பத்தான் யாரும் தடுக்கலையே, போயிட்டு வா” என்றேன்.

“எந்த மூஞ்சியோட போறதுங்ண்ணா? ஆபீசு வந்திருச்சும்பாங்க. ஆபீசே இல்லையே. நான் இப்ப அங்க யாரு?”

தடுப்பு வைத்திருந்த வரைக்கும் ரோட்டைக் குறை சொல்லலாம். ரோடு திறந்த பிறகு அவள் நெஞ்சுக்குள் இருந்த தடுப்பை யார் எடுப்பது? இரண்டாவது அலை வந்தது, போனது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு இன்னும் சில மாதம் கடத்தினாள். வாசலில் நின்று மலையைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை என்று அசோக் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அன்னாசி ஏற்ற குண்டூர் நாட்டுப் பக்கம் போகவேண்டியிருந்தது. தையல் கம்பெனி வாசலில் லாரியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். “லீவு சொல்லிட்டு ஏறு. இல்லேன்னா நானே உள்ள வந்து சொல்லுவேன்” என்று அதட்டினேன். என்ன நினைத்தாளோ, ஏறிவிட்டாள். வளைவுக்கு வளைவு ஒரு காரணம் சொல்லித் திரும்பிவிடலாம் என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலைமேல் சோளக்காடு ஊரைத் தாண்டும்போதுதான், “செரி, அந்தச் சுகந்தியையும் ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்” என்றாள்.

பலா மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவள் நின்றுவிட்டாள். அவள் இல்லாமல் நடக்கிறது. அந்தச் சந்தோஷமும் அந்த வலியும் ஒன்றாக அவள் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டியிருந்தவர்கள் கவனிக்கவில்லை. கவனித்த ஒன்றிரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பெயர் கூப்பிடும்போது நடுவில் யாரும் எழக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

“அத்தாயி!” “வந்துட்டேன்!”

“கண்ணாயி!” “வந்துட்டேன்!”

கண்ணாயிக்கு அடுத்து ஓர் இடம் காலி. அவள் அந்தக் காலியிடத்தைப் பார்த்துப் பழக்கதோஷத்தில், “சுகந்தி!” என்றாள். “கீழ போயிரு...” என்று ஆரம்பித்த மயிலம்மாள், நிமிர்ந்து எங்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். எல்லாத் தலையும் திரும்பியது. என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

“இவதான் அந்தச் சுகந்தியா? அப்ப அன்னிக்கு நான் இறக்கி வெச்ச அரிசி?” என்றேன்.

“அது பொங்கித் தின்னாச்சுங்க” என்றாள் கண்ணாயி. பிறகு சுகந்தியைப் பார்த்து, “மொத நாளு நீதானே பேரைச் சொன்னே. வராதவ எடத்தைக் காலியா உட்டுப் பேரைக் கூப்பிடோணும்னு சொன்னதும் நீதானே. ஏன் நின்னுட்டிருக்கே? உக்காரு” என்றாள்.

அத்தனை வருஷத்தில் சுகந்தி அந்த வட்டத்துக்குள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வெளியே நின்றுதான் நடத்துவாள். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணாயி மறுபடியும் கூப்பிட்டாள்.

“சுகந்தி!”

“வந்துட்டேன்” என்றாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

மேல்வளவுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“யாவாரிக்குக் கேக்கல!”